இரைமீன் பெட்டி

மகரந்தத்தை எங்கே வைப்பது என்று
யாரும் யோசித்திருக்கவில்லை.
வால்பரைசோவில் கப்பல் ஏறி
பதினோரு நாள் தாமதமாக வந்தது அது,
கட்டைவிரல் அளவுக் குப்பியில்
பஞ்சு சுற்றி, முத்திரை குத்தி.
நாற்றுப்பண்ணைக் குளிர்பெட்டி
செவ்வாய்க்கிழமையே உயிரை விட்டிருந்தது.
ஆகவே என் வீட்டில்,
சிங்கி இறாலுக்கு வைக்கும் இரைமீன்களுக்கு நடுவே,
ஒரு விலாங்கின் கழுத்தடியில்
படுக்கவைத்தேன் மாப்பிள்ளையை.

மணப்பெண் மேலே நிற்கிறாள்.
வியூதா என்பார்கள் எங்கள் படகுக்காரர்கள்,
கைம்பெண்.
வடக்குப் பாறைச் சரிவில் ஒற்றை மரம்;
கடலிலிருந்து பார்த்தால்
யாரோ உலர்த்தி மறந்த பச்சைத் துணி.
கடைசி ஆண்மரம் விழுந்து எழுபது வருடம்.
அன்றிலிருந்து பூக்கிறாள்,
பூத்துக் கொட்டி
மறுபடி பூத்து.
அவள் இனத்தை ஆடு தின்றது, முயல் தின்றது,
மிச்சத்தைப் பிளாக்பெர்ரிப் புதர் மூடியது.
ஆட்டைக் கப்பலிலிருந்து இறக்கியது யார் என்று
என்னைக் கேட்காதீர்கள்.
அந்தப் பட்டியலில் எங்கள் வீட்டுப் பெயரும் உண்டு.

நொல்வியாவுக்குத் தாவரவியல் பட்டம் உண்டு,
உயரம் என்றால் பயமும் உண்டு.
எனக்கு இரண்டும் இல்லை.
அதனால் கயிறு என் இடுப்பில்,
கட்டளை அவள் வாயில்.
தூரிகை அவள் மகனுடையது,
பள்ளிக்கூடத்து நீர்வண்ணத் தூரிகை;
காம்பெல்லாம் பல்தடம்.

தொங்கிக்கொண்டே கேட்டேன்:
மாப்பிள்ளைக்கு எந்த ஊர்?
மேலிருந்து பதில் வர நேரமானது.
குளிர்தேசம். கண்ணாடி வீடு.
எப்போதோ ஒரு கப்பல் வைத்தியர்
இங்கிருந்து கொண்டுபோன விதையில் முளைத்தவன்.
எந்த மரத்து விதை?
காற்று ஒருமுறை என்னைப் பாறையில் மோதியது.
எலெயுத்தேரியோ,
தூரிகையைப் பார், என்றாள்.

சரி.
குலம் விசாரிக்கிற நேரமா இது.
நாற்பத்தொரு பூ,
பூவுக்கு இரண்டு தொடுகை.
செங்கல் நிற ஓசனிச்சிட்டு ஒன்று
என் காதோரம் அந்தரத்தில் நின்று
கவனித்துக்கொண்டே இருந்தது.
நியாயமாகப் பார்த்தால் அது அதன் வேலை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்,
விரித்துச் சொன்னால் தொண்டை கட்டிக்கொள்ளும்.
முப்பது பூ காற்றோடு போயிற்று.
காய்த்தவற்றில் ஆறு எலிக்கு.
ஐந்து காய் பழுத்து
ஒன்பது விதை; இரண்டு முளைத்தன.
ஒன்று ஈஸ்டர் வாரத்தில்
தண்டு அழுகித் தலைசாய்ந்தது.
நொல்வியா அன்று யாரோடும் பேசவில்லை;
தொட்டிகளை மட்டும் கழுவினாள்,
கழுவியவற்றையே மறுபடியும்.

மற்றொன்றை மழைக்கு முன் மலையடியில் நட்டோம்.
காவலுக்கு என் பழைய இறால் கூண்டைக்
கவிழ்த்து வைத்தேன்.
வாழ்நாளெல்லாம் நான் கட்டிய கூண்டுகள்
உள்ளே வர வழி வைத்தவை,
வெளியே போக வழி வைக்காதவை.
இதற்கு மட்டும் வாயை ஆணியடித்து மூடினேன்.
முயல்கள் இரவில் வந்து
கம்பு கம்பாக முகர்ந்துவிட்டுப் போகின்றன.
காலையில் புழுக்கைகளை எண்ணுகிறேன்.

ஐந்து இலை விட்டிருக்கிறது.
ஆணா பெண்ணா என்பது பூத்தால்தான் தெரியும்.
பூக்கப் பன்னிரண்டு வருடம் ஆகுமாம்.
எனக்கு இப்போது அறுபத்தாறு,
முழங்காலுக்கு இன்னும் அதிகம்.

இரைப்பெட்டியை எப்போது காலி செய்வாய்
என்று கேட்கிறாள் மனைவி.
குப்பியின் அடியில்
மஞ்சளாகக் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.
உயிர் இருக்கிறதா என்று
நொல்வியாவுக்கும் தெரியாது.
விடியலில் மீன் எடுக்கும்போதெல்லாம்
அதை ஓரமாக நகர்த்தி
மறுபடி அதே இடத்தில் வைக்கிறேன்.